நைலான் முடிச்சு

ஒரு பங்கிலிருந்து மறு பங்கிற்கு மாற்றலாகிச் செல்லும் குரு, புறப்படுமுன் கோவிலின் பொருட்பதிவேட்டைச் சரிபார்த்துக் கையொப்பமிட வேண்டும். கதிர்ப்பாத்திரம் ஒன்று, தூபக்கலசம் இரண்டு, பித்தளைக் குத்துவிளக்கு நான்கு என்று உபதேசியார் வாசிக்க, நான் எண்ணிக்கொண்டே வந்தேன். ஒரு பக்கத்தின் அடியில் 'ஜெனரேட்டர் - 1' என்று இருந்தது. அதற்கெதிரே சிவப்பு மையில் 'பழுது' என்று எழுதியிருந்தது. கையெழுத்து என்னுடையது. நான்கு ஆண்டுகளுக்கு முன் எழுதியது.

"பழைய இரும்புக் கடைக்குப் போட்டுவிடலாம், சாமி. வருகிற சாமிக்கு ஏன் இந்தச் சுமை?" என்றார் உபதேசியார். பங்குப்பேரவையின் கருத்தும் அதுதான். கோவிலுக்கு இன்வெர்ட்டர் வந்துவிட்டது. திருவிழாவுக்கு மதுரையிலிருந்து பெரிய டீசல் ஜெனரேட்டரே வாடகைக்கு வருகிறது. அவர்கள் சொன்னது முழுக்க நியாயம். ஆயினும் அந்தப் பொருளைப் 'பழுது' என்ற சொல்லோடு ஒப்படைத்துவிட்டுப் போக எனக்கு மனம் வரவில்லை. ஏன் என்று அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

இராமேஸ்வரம் தீவின் வடகரையில், பாக் நீரிணையைப் பார்த்த சிற்றூர் அது. அங்கே இரும்பு நெடுநாள் இரும்பாக இருப்பதில்லை. ஆறு மாதம் வாடைக்காற்றும் ஆறு மாதம் கச்சானும் மாறி மாறி உப்பைத் தூவிக்கொண்டே இருக்கும். கோவிலின் கதவுக் கீல்களை மூன்றாண்டுக்கு ஒருமுறை மாற்றியிருக்கிறோம். அப்படிப்பட்ட ஊரில், சாமான் அறையின் மூலையில், கிழிந்த பாயால் மூடப்பட்டு நான்கு ஆண்டு கிடந்த எந்திரம் அது.

பெட்ரோலில் தொடங்கி மண்ணெண்ணெயில் ஓடும் சின்ன ஜெனரேட்டர். ஐம்பது வயதைக் கடந்த வாசகர்களுக்கு இதன் ஒலி மறந்திருக்காது. மின்சாரம் நின்ற மறுகணம் கடைவீதி முழுவதும் படபடவென்று எழும்புமே, அந்த ஒலி. ஒற்றை உருளை கொண்டது. கயிற்றைச் சுற்றி இழுத்தால் புறப்படும். எண்ணெய்த் தொட்டி இரண்டு உண்டு. பெட்ரோலில் தொடங்கி, எந்திரம் சூடேறியபின் குழாய்த் திருகை மண்ணெண்ணெய்ப் பக்கம் திருப்ப வேண்டும். நிறுத்துமுன் மறுபடி பெட்ரோலுக்கு மாற்றிச் சிறிது நேரம் ஓடவிட வேண்டும். இல்லையேல் கார்புரேட்டரின் கிண்ணத்தில் மண்ணெண்ணெய் தங்கிவிடும். குளிர்ந்த எந்திரத்தில் மண்ணெண்ணெய் எளிதில் ஆவியாகாது. மறுநாள் தோள்பட்டை இறங்குமட்டும் கயிறு இழுத்தாலும் பற்றாது. இந்த ஓர் ஒழுங்கை மறந்ததால் கெட்டுப்போன எந்திரங்கள் தமிழ்நாட்டில் எத்தனையோ. நியாயவிலைக் கடைகளில் மண்ணெண்ணெய் அருகிப்போனபின், கெடாமல் தப்பியவற்றுக்கும் வேலை இல்லாமல் போயிற்று.

இதைப் பழுதுபார்க்கத் தெரிந்தவர் எங்கள் ஊரில் ஒருவரே இருந்தார். வள்ளங்களின் அவுட்போர்டு எந்திரங்களைப் பார்க்கும் பெரியவர். வயது எழுபதுக்கு மேல். தனுஷ்கோடியில் பிறந்தவர். 1964 டிசம்பர் 22 இரவின் புயலுக்குப் பிறகு, எஞ்சிய வீட்டாரோடு நடந்தே இந்தப் பக்கம் வந்ததாகச் சொல்வார். அதற்குமேல் அந்த இரவைப் பற்றிப் பேசமாட்டார். ஞாயிறு தவறாமல் திருப்பலிக்கு வருவார். ஆனால் நான்கு ஆண்டுகளாகப் பங்கு இல்லத்தின் படி ஏறியதில்லை. காரணம் எனக்குத் தெரியும். ஊருக்கும் தெரியும் என்றுதான் நினைத்திருந்தேன்.

ஊர் அறிந்த வரலாறு இது. நான்கு ஆண்டுகளுக்கு முன் எங்கள் பாதுகாவலரின் திருவிழா. சப்பரம் புறப்படும் நேரத்தில் மின்சாரம் நின்றது. ஜெனரேட்டரை ஓடவிட்டார்கள். விளக்குகள் பளிச்சென்று எரிந்து, மங்கி, மறுபடி எரிந்து, மறுபடி மங்கின. எந்திரம் ஓங்கி உறுமும். பின் இளைத்து இருமும். அணைந்துவிடும் என்று நினைக்கும்போது மீண்டும் உறுமும். அதைக் கவனித்துக்கொள்ளும் பொறுப்பு அந்தப் பெரியவரின் பேரனுக்கு. அப்போது பதினேழு வயது. பாடகர் குழுவிலும் இருந்தான். சிறிது நேரத்தில் எந்திரம் சீராயிற்று. சப்பரம் நகர்ந்தது. முதல் தெரு திரும்பியதும் ஜெனரேட்டர் கூச்சலிடத் தொடங்கியது; விளக்குகள் வெள்ளையாக எரிந்து ஒவ்வொன்றாக வெடித்தன; ஒலிபெருக்கியின் ஆம்பிளிபயரிலிருந்து புகை வந்தது. இருட்டில், மக்கள் நடுவில், நான் அந்தப் பையனைக் கடிந்துகொண்டேன். "தெரியாத வேலையில் கை வைத்துக் கெடுத்துவிட்டாயே" என்றேன். அதைவிடக் கடுமையாகவும் சில சொற்கள். ஒலிபெருக்கி எரிந்துபோனதால் என் குரல் ஊர் முழுவதும் எட்டவில்லை. எட்ட வேண்டிய காதுகளுக்கு எட்டியது. பின்னர் பங்குப்பேரவை கூடி, ஆம்பிளிபயருக்கு ஈடாக 6000 ரூபாய் அந்தக் குடும்பம் தர வேண்டும் என்று தீர்மானித்தது. பெரியவர் நான்கு தவணையில் கட்டினார். ரசீதுகளில் என் கையெழுத்து இருக்கிறது. பிளஸ் டூ தேர்வு முடிந்த விடுமுறையில் பையன் விசைப்படகில் கடலுக்குப் போனான். பின் கல்லூரி பக்கம் போகவில்லை. கடனுக்காகப் போனான் என்று யாரும் என்னிடம் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

உபதேசியார் வழியே சொல்லியனுப்பினேன். வருவாரென்று எதிர்பார்க்கவில்லை, மறுநாள் மாலையே வந்தார். மீன்பிடித் தடைக்காலம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கரையில் நிற்கும். எந்திரம் பார்ப்பவர்களுக்கு அதுதான் அறுவடைக் காலம். அந்த நெருக்கடியிலும் வந்தார். தோளில் கித்தான் பை, அதில் இரண்டு ஸ்பேனர், ஒரு திருப்புளி, பழைய பல் துலக்கும் பிரஷ், தேங்காயெண்ணெய்ப் புட்டி. வராந்தாவில் சாக்கை விரித்து ஜெனரேட்டரைத் தூக்கி வைத்தோம்.

அவர் கயிற்றை இழுக்கவில்லை. "கிடந்த எந்திரத்த உடனே இழுக்கப்படாது சாமி" என்று சொல்லி, முதலில் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, உருளைக்குள் சில சொட்டு எண்ணெய் விட்டு, கையால் மெல்லச் சுழற்றிப் பார்த்தார். சுழன்றது. பிறகு காற்று வடிகட்டியின் மூடியைத் திறந்தார். உள்ளே இருந்த நுரைப்பஞ்சு தொட்டதும் மாவாக உதிர்ந்தது. குனிந்து உள்ளே பார்த்தவர் சற்று நேரம் நிமிரவில்லை.

"சாமி, இது யாரு போட்ட முடிச்சு?"

கவர்னரின் கைத்துண்டையும் எண்ணெய்த் தொட்டியின் தாங்கியையும் சேர்த்து, மீன் பிடிக்கும் நைலான் நரம்பால் இறுக்கக் கட்டியிருந்தது. ஒன்றன்மேல் ஒன்றாக ஐந்து முடிச்சு.

நான் பேசவில்லை. அவர் நகத்தால் அதை நிமிண்டிப் பார்த்தார். "எங்க பிள்ளைக போட்ட முடிச்சு இல்ல இது. நரம்புல இப்படிப் போட்டா வழுக்கிரும்னு அஞ்சு வயசுலயே தெரியும். அதான் வழுக்க வழுக்க அஞ்சு போட்டுருக்கு. வைக்கோல் கட்டுறவுக முடிச்சு இது."

நான் சருகணிப் பக்கத்து வானம் பார்த்த பூமியில் பிறந்தவன். வைக்கோல் கட்டியே வளர்ந்தவன்.

திருவிழா இரவில் விளக்குகள் மங்கி மங்கி எரிந்தபோது, சப்பரத்துக்கு நேரமாகிறதே என்ற எரிச்சலில், பையன் பெட்ரோல் வாங்க ஓடியிருந்த இடைவெளியில், நானே ஜெனரேட்டர் அருகே சென்றேன். ஒரு சிறு கம்பித் துண்டு முன்னும் பின்னும் ஆடிக்கொண்டிருந்தது. அது ஆட, எந்திரமும் ஏறி இறங்கியது. ஆடுவதை நிறுத்தினால் ஏறி இறங்குவதும் நிற்கும் என்று தோன்றியது. சுவரோரம் கிடந்த நரம்பை எடுத்துக் கட்டினேன். நின்றது. என் அறிவை நானே மெச்சிக்கொண்டு உடுப்பு மாற்றப் போனேன். ஆம்பிளிபயர் எரிந்தபோது, காரணம் இதுவாக இருக்குமோ என்று ஒரு கணம் தோன்றியதும் உண்மை. அந்த முடிச்சை அவிழ்க்க வேண்டும் என்று அன்றிரவு நினைத்தேன். மறுநாள் நினையாதிருக்கப் பழகிக்கொண்டேன். நான்கு ஆண்டில் அந்தப் பழக்கம் நன்றாகவே வேரூன்றிவிட்டது.

இவ்வளவையும் அவரிடம் சொன்னேன். இத்தனை ஒழுங்காகச் சொன்னேன் என்று நினைத்துவிட வேண்டாம். ஒப்புரவு அருளடையாளத்தில் மற்றவர்கள் தட்டுத்தடுமாறும்போது பொறுமையிழந்திருக்கிறேன். அன்று என் தடுமாற்றம் அதைவிட மோசம்.

அவர் ஒன்றும் சொல்லவில்லை. கடலின் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "கை சும்மா இருக்கப்படாது சாமி. இந்தக் கிண்ணத்தப் பிடிங்க" என்று கார்புரேட்டரின் அடிக்கிண்ணத்தைக் கழற்றி என் கையில் வைத்தார்.

கிண்ணத்தில் எண்ணெய் இல்லை. வேப்பம் பிசின் போல மஞ்சளாய் இறுகிய ஒரு படலம் இருந்தது. எண்ணெய் ஆவியாகிப்போனபின் எஞ்சிய வண்டல் அது. அடியில், காற்றின் ஈரமும் உப்பும் சேர்ந்து பித்தளையைத் தின்ற பச்சைக் களிம்பு. நான்கு ஆண்டுத் தேக்கம் இது. ஆனால் திருவிழா இரவிலேயே இதன் தொடக்கம் இருந்திருக்கும் என்றார் அவர். அதற்கு முந்தைய ஆண்டும் திருவிழா முடிந்து, பெட்ரோலுக்கு மாற்றாமலேயே யாரோ நிறுத்தியிருக்க வேண்டும். யார் என்று நான் கேட்கவில்லை.

ஜெட் என்பது ஊசித்துளை போட்ட ஒரு பித்தளைத் திருகாணி. பெரியது ஒன்று, சிறியது ஒன்று. சுமை இருக்கும்போது பெரியதும், சும்மா ஓடும்போது சிறியதும் எண்ணெய் தரும். சிறியதன் துளை அரை மில்லிமீட்டருக்கும் குறைவு. இரண்டையும் கழற்றி வானத்தை நோக்கிப் பிடித்துப் பார்க்கச் சொன்னார். ஒன்றில் ஒளி பிறைபோல் தெரிந்தது. மற்றொன்றில் தெரியவே இல்லை.

"இது கட்டுக்கடங்காம ஓடல சாமி. பசி. பசிச்ச எந்திரம்தான் இப்படி ஏறி இறங்கும்" என்றார்.

அவர் விளக்கியதையும், பின்னர் நான் தேடிப் படித்ததையும் சேர்த்து எழுதுகிறேன். எந்திரத்தின் வயிற்றுக்குள் சுழலும் சிறு எடைகள் உள்ளன. வேகம் கூடினால் அவை விரியும்; விரிந்து, ஒரு கைத்துண்டின் வழியாகத் திராட்டில் என்னும் காற்று இதழை மூடும். வேகம் குறைந்தால் சுருங்கும். அப்போது ஒரு ஸ்பிரிங் அந்த இதழைத் திறக்கும். இதுவே கவர்னர். 1788-இல் ஜேம்ஸ் வாட் நீராவி எந்திரத்துக்கு அமைத்ததும் இதே சுழலும் எடைகள்தாம். எண்ணெய் போதாத எந்திரம் இளைக்கும், கவர்னர் இதழை அகலத் திறக்கும், திறந்ததும் பெரிய ஜெட்டிலிருந்து கொஞ்சம் எண்ணெய் பாயும், எந்திரம் துள்ளும், துள்ளியதும் கவர்னர் மூடும், மூடியதும் மறுபடி பசி. விளக்குகள் மங்கி மங்கி எரிவது இதனால். கவர்னர் தன் கடமையைத்தான் செய்துகொண்டிருந்தது. நான் அதன் கையைப் பிடித்துக் கட்டினேன்.

கட்டிய அளவு, அப்போது எரிந்த விளக்குகளின் சுமைக்குச் சரியாக இருந்தது. சப்பரம் தெரு திரும்பியதும் கோவில் முற்றத்துச் சீரியல் விளக்குகளை அணைத்தார்கள். சுமை பாதியாகக் குறைந்தது. மூட வேண்டிய இதழ் மூட முடியாமல் நின்றது. எந்திரம் வெறிகொண்டு ஓடியது. இந்த வகை ஜெனரேட்டர் நிமிடத்துக்கு 3000 சுற்று சுற்றினால்தான் நம் வீட்டு மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸ் கிடைக்கும். சுற்று ஏறினால் மின்னழுத்தமும் ஏறும். ஆம்பிளிபயர் தாங்குமா?

"அன்னைக்குச் சோக்கப் பாதி மூடிவிட்டிருந்தாப் போதும். காத்து குறைஞ்சா இருக்கிற எண்ணெய் பத்தும். ராவு முழுக்க ஓடியிருக்கும்" என்றார் பெரியவர். அது கண்டனமா, பாடமா என்று குரலில் தெரியவில்லை.

ஜெட்டுகளைப் பெட்ரோலில் ஊறவைத்துவிட்டுத் தேநீர் குடித்தோம். இப்போதைய பெட்ரோலைப் பற்றி அவருக்கு நல்ல எண்ணம் இல்லை. 20 விழுக்காடு எத்தனால் கலந்து வருகிறது. எத்தனால் காற்றின் ஈரத்தை இழுக்கும். எங்கள் கரையில் ஈரத்துக்கா பஞ்சம்? ஓடாத எந்திரத்தில் ஒரு மாதம் விட்டுவைத்தால் அடியில் நீர் தனியே பிரிந்து நிற்கிறது என்றார். "ஓடுற எந்திரத்துக்கு ஒண்ணுமில்ல. நிக்கிற எந்திரத்துக்குத்தான் கேடு."

இந்த இடத்தில் ஒரு செய்தியைச் சொல்லாமல் மேலே போக மனமில்லை. கார்புரேட்டரின் நடுவே குழாய் ஓரிடத்தில் இடுங்கியிருக்கும். இடுங்கிய இடத்தில் காற்று விரைந்து ஓடும். விரைந்து ஓடும் இடத்தில் அழுத்தம் குறையும். அழுத்தம் குறைந்த இடத்துக்கு எண்ணெய் தானே மேலேறி வரும். அந்த இடுக்குக்கு வெஞ்சூரி என்று பெயர். யாரோ பொறியாளர் என்றுதான் நெடுநாள் நினைத்திருந்தேன். ஜியோவன்னி பத்திஸ்தா வெஞ்சூரி (1746-1822) இத்தாலிய நாட்டுக் கத்தோலிக்கக் குரு. குருமடத்தில் ஆசிரியராகவும் இருந்தவர். இடுங்கிய குழாயில் நீர் எவ்வாறு ஓடுகிறது என்ற தம் ஆய்வை 1797-இல் வெளியிட்டார். உள்ளெரி எந்திரத்தின் முன்னோடிகளுள்ளும் ஒரு குரு உண்டு: பியாரிஸ்ட் சபையைச் சேர்ந்த எவுஜேனியோ பர்சாந்தி. பொறியாளர் பெலிச்சே மத்தேவுச்சியுடன் சேர்ந்து, தம் எந்திரத்தின் விவரத்தை 1853-இல் பிளாரன்ஸ் நகரின் ஜோர்ஜோபிலி கழகத்தில் பதிவுசெய்தார். 1864-இல் பெல்ஜியத்தில் காய்ச்சலில் இறந்தார். பள்ளியில் மாணவருக்கு இயற்பியல் நடத்திக்கொண்டிருந்த குரு அவர். திருச்சிக் குருமடத்தில் நான் படித்த ஆண்டுகளில் இவர்களுடைய பெயரை யாரும் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் அந்தக் கம்பித் துண்டைக் கட்டுமுன் ஒரு நிமிடம் யோசித்திருப்பேனோ? தெரியாது, அன்று எனக்கு நேரமாகிக்கொண்டிருந்தது.

அதே மாலையில் டொராண்டோவிலிருந்து ஓர் அழைப்பு வந்தது. மண்டபம் அகதிகள் முகாமில் சிறுவனாக இருந்தபோது எங்களுக்கு அறிமுகமான இலங்கைத் தமிழர். இப்போது அங்கே குடும்பத்தோடு இருக்கிறார். என்ன செய்கிறீர்கள் என்று கேட்டவரிடம் சொன்னேன். அவர் சிரித்துவிட்டார். அவர்கள் வீட்டு வாசலில் பனியை அள்ளி எறியும் எந்திரம் ஒன்று உண்டாம். கோடை முழுவதும் கொட்டகையில் நிற்குமாம். டிசம்பரில் எடுத்தால் இதே ஏற்ற இறக்கமாம். "ஒவ்வொரு வருசமும் கார்புரேட்டரைக் கழட்டிக் கழுவுறதுதான் எங்கட திருவருகைக் காலத் தவம், பாதர்" என்றார். உப்புக் கரையிலும் பனிக் கரையிலும் ஒரே நோய். பெரியவரிடம் சொன்னபோது, பனியை அள்ள எந்திரமா என்று அவர் வியந்ததுதான் அதிகம்.

ஊறிய ஜெட்டுகளைக் குத்த நான் தையல் ஊசி கொண்டுவந்தேன். கையைத் தட்டிவிட்டார். எஃகு ஊசி பித்தளையைச் சுரண்டித் துளையைப் பெரிதாக்கிவிடும். அப்புறம் எண்ணெய் கூடிப்போய்க் கரும்புகை கக்கும். பித்தளையைவிட மெதுவான பொருளே உள்ளே போக வேண்டும். கவர்னரில் கட்டியிருந்த நரம்பை அறுத்தெடுத்து, முடிச்சில்லாத பகுதியில் ஒரு சாண் நறுக்கி, நுனியைச் சரிவாக வெட்டி, சிறிய ஜெட்டின் துளைக்குள் நுழைத்து மெல்ல முன்னும் பின்னும் இழுத்தார். மஞ்சளாய் ஒரு கசடு வெளியே வந்தது. வானத்தை நோக்கிப் பிடித்தார். இம்முறை அந்தத் துளை விடிவெள்ளி போலத் தெரிந்தது.

திராட்டில்தான் அதிக நேரம் வாங்கியது. இதழைத் தாங்கும் தண்டு உப்புப் பூத்து அலுமினியத்தோடு ஒட்டியிருந்தது. குறட்டால் பிடித்துத் திருகலாமே என்றேன். தண்டு முறிந்தால் மாற்றுத் தண்டு எங்கும் கிடைக்காது என்றார். தேங்காயெண்ணெயும் மண்ணெண்ணெயும் கலந்து சொட்டுச் சொட்டாக விட்டு, வெந்நீரில் துணி நனைத்துச் சுற்றி, காத்திருந்து, மறுபடி விட்டு, இரவு ஒன்பது மணிக்கு அது ஒரு மயிரிழை அசைந்தது. "இன்னைக்குப் போதும். ஊறட்டும்" என்று எழுந்தார்.

படியிறங்கும்போது திரும்பினார். "பேரன் கரையிலதான் இருக்கான், சாமி. தடைக்காலம்ல."

குருமடத்தில் அறநெறி இறையியல் வகுப்பில் இதற்கென்றே ஒரு பாடம் உண்டு. பிறர் பொருளைக் கவர்ந்தவன் திருப்பித்தர வேண்டும். பிறர் பெயரைக் கவர்ந்தவனும் திருப்பித்தர வேண்டும். எத்தனை பேர் முன் கெடுத்தானோ அத்தனை பேர் முன் சீர்செய்ய வேண்டும். தேர்வில் நல்ல மதிப்பெண் பெற்றேன். எத்தனையோ பேருக்கு இதைப் பரிகாரமாக விதித்திருக்கிறேன்.

காலையில் கரைக்குப் போனேன். கரையேற்றிய படகொன்றின் அடிப்பலகைக்கு வர்ணம் பூசிக்கொண்டிருந்தான். இருபத்தொரு வயது; தோள் அகன்றிருந்தது; என்னைக் கண்டதும் பிரஷைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நின்றான். சொன்னேன். தலை குனிந்து கேட்டவன், "தெரியும் சாமி" என்றான்.

"என்ன தெரியும்?"

"நீங்க கட்டுறதப் பார்த்தேன். பெட்ரோல் டப்பாவோட வந்துக்கிட்டிருந்தேன். அவுக்கணும்னு நெனச்சேன். சாமி கட்டுனத நாம எப்பிடி அவுக்குறதுன்னு விட்டுட்டேன்."

"ஏனப்பா அன்றே சொல்லவில்லை?"

"சொன்னா யாரு சாமி நம்புவாக? தாத்தாட்டயும் சொல்லல. சொன்னா உங்ககிட்டச் சண்டைக்கு வந்திருவாரு."

இந்தக் கட்டுரையை எழுத உட்கார்ந்து பலமுறை எழுந்துபோனேன் என்றால், அது இந்த ஒரு வாக்கியத்தினால்தான்.

6000 ரூபாயை உறையில் போட்டு எடுத்துப் போயிருந்தேன். அவன் வாங்கவில்லை, "கட்டுனது தாத்தா, அவருட்ட குடுங்க" என்றான். அன்று மாலை பெரியவரிடம் நீட்டினேன். மறுப்பார் என்று எதிர்பார்த்தேன்; மறுப்பார் என்று உள்ளூர விரும்பவும் செய்தேனோ என்னவோ. அவர் எண்ணிப்பார்க்காமல் வாங்கி மடியில் செருகிக்கொண்டார். "கணக்குலயும் எழுதிருங்க சாமி. ரசீது இருக்குல்ல" என்றார். எழுதினேன்.

இரண்டாம் நாள் தண்டு அசைந்தது. கழுவி, துடைத்து, எல்லாவற்றையும் அதனதன் இடத்தில் பொருத்தினார். கவர்னர் கைத்துண்டின் திருகைத் தளர்த்தி, திராட்டிலை முழுக்கத் திறந்து பிடித்து, உள்ளிருந்து வரும் தண்டை அதே பக்கமாக எட்டும் மட்டும் திருப்பி, அப்படியே இறுக்கினார். கயிற்றை இழுத்தார். நாலாம் இழுப்பில் பற்றியது. வராந்தாவில் புகை. உபதேசியார் கைதட்டினார். பத்து நொடியில் மறுபடி அதே ஏற்றம், அதே இறக்கம்.

எனக்கு முகம் வாடிவிட்டது. பெரியவர் சோக்கைப் பாதி மூடினார். எந்திரம் சீரானது. திறந்தார், ஏறி இறங்கியது. "எண்ணெய் வருது. ஆனா காத்து களவாப் போகுது" என்றார். கார்புரேட்டரும் எந்திரமும் சேரும் இடத்தில் எண்ணெய்த் துணியால் தடவிக்கொண்டே வந்தார். ஓரிடத்தில் தடவியதும் ஓட்டத்தின் ஒலி மாறியது. அங்கே உள்ளிருந்த பேக்கிங் விரிசல் விட்டிருந்தது. அதைக் கழற்றி அளவெடுத்துப் போனவர், மூன்றாம் நாள் புதுத் தாளில் வெட்டிய பேக்கிங்கோடு வந்தார். கூடவே பேரனும் வந்தான். ஊர் எலக்ட்ரீசியனின் மல்டிமீட்டரைக் கடன் வாங்கி வந்திருந்தான்.

இரண்டாம் இழுப்பில் ஓடியது. சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றினார். நூறு வாட் குண்டு பல்புகள் ஐந்தைப் பலகையில் வரிசையாக எரியவிட்டோம். மீட்டரில் 230-ஐ ஒட்டி எண் நின்றது. பேரன் ஒரே நேரத்தில் மூன்று பல்புகளை அணைத்தான். எண் சட்டென்று ஏறியது. கவர்னரின் கைத்துண்டு ஒருமுறை அசைந்தது. எண் இறங்கித் தன் இடத்தில் நின்றது. மூவரும் அந்தக் கம்பியையே பார்த்துக்கொண்டிருந்தோம். மறுபடி எரியவிட்டான்; மறுபடி அசைந்தது. சிறுபிள்ளைபோல நானும் ஒருமுறை அணைத்துப் பார்த்தேன்.

அந்த ஞாயிறு திருப்பலியின் இறுதியில், திருமண அறிக்கைக்கும் மறைக்கல்வி வகுப்பு நேரத்துக்கும் இடையே, நடந்ததைச் சொன்னேன். மூன்று நிமிடம் ஆகியிருக்கும். யாரும் அசையவில்லை. பேரன் கோவிலில் இல்லை. படகுக்கு மரச்சாமான் எடுக்க மண்டபம் போயிருந்தான். பாட்டி இருந்தார், முக்காட்டைச் சரிசெய்துகொண்டு பீடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். திருப்பலி முடிந்ததும் பங்குப்பேரவையின் மூத்த உறுப்பினர் என்னை ஓரமாக அழைத்து, "போகிற நேரத்தில் இதெல்லாம் எதற்கு, சாமி? எல்லாரும் மறந்த விஷயம்" என்றார். அவர் அன்போடுதான் சொன்னார். ஆனால் எல்லாரும் மறக்கவில்லை என்பதை அந்த ஒரு வாரத்தில் நான் கற்றிருந்தேன்.

பொருட்பதிவேட்டில் 'பழுது' என்பதை ஒரு கோடிட்டு அடித்து, 'ஓடுகிறது' என்று நீல மையில் எழுதிக் கையொப்பமிட்டேன். ஜூன் தொடக்கத்தில் புறப்பட்டேன். பேருந்து பாம்பன் பாலத்தின்மேல் ஏறியபோது, கீழே தடைக்காலத்துப் படகுகள் இன்னும் வரிசையாக நின்றுகொண்டிருந்தன.

புதிய பங்குத்தந்தை சில வாரங்களுக்குப் பின் தொலைபேசியில் பேசினார். ஒருநாள் மாலை முழுவதும் மின்சாரம் இல்லையாம், இன்வெர்ட்டரும் தீர்ந்துவிட்டதாம், ஜெனரேட்டரை ஓடவிட்டார்களாம். "ஒரு பையன் வந்தான், பாதர். கடலிலிருந்து வந்த ஈரத்தோடேயே வந்தான். வேறு யாரையும் தொடவிடவில்லை. நிறுத்தும்போது நான் சுவிட்சை அமுக்கப் போனேன். என் கையையே பிடித்துக்கொண்டான். பெட்ரோலுக்கு மாற்றி ஐந்து நிமிடம் ஓடட்டும் என்று என்னைப் பக்கத்தில் நிற்கவைத்துவிட்டான்."

"நின்றீர்களா?" என்று கேட்டேன்.

"நின்றேன்" என்றார்.